கல்லாற்றில் முங்கியவள்

என் வீட்டுக்காரரை ஊரே தாசையன் சார் என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அதில் மரியாதை பாதி, கேலி பாதி. திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தினார். அவர் பாடம் ஐரோப்பா. அதிலும் ஆயிரத்தைந்நூறு தொடங்கி ஒரு இருநூறு வருஷம்தான் அவருக்குக் கணக்கு. அதற்கு முன்னும் பின்னும் உலகம் சும்மா கிடந்தது என்கிற மாதிரிதான் பேசுவார். கல்யாணமாகி நான் விளவங்கோட்டிலிருந்து இங்கே வந்த மறுவாரமே, ரோமாபுரியில் பாவமன்னிப்புச் சீட்டு விற்ற கதையைச் சொல்லி என்னைத் தூங்கவைத்த மனிதர்.

கல்லூரியில் மலையாளமும் இங்கிலீஷுமாக நடத்துவார். ஒத்திகை மட்டும் வீட்டில், தமிழில், முகச்சவரம் செய்தபடி நடக்கும். கன்னத்தில் சோப்பு நுரையோடு அச்சு யந்திரம் வந்ததைச் சொல்வார். வேதத்தை அவனவன் வீட்டுப் பாஷையில் வாசிக்க ஆரம்பித்ததும் குருமார் பிழைப்பில் மண் விழுந்ததைச் சொல்வார். மடத்து நிலங்களை ராஜாக்கள் சுருட்டிக்கொண்டதையும், ராஜா எந்த மதமோ குடிகளும் அதே மதம் என்று ஏற்பாடு வந்ததையும் சொல்வார். "அங்க வியாபாரி தலையெடுத்ததுக்கு நம்ம சாலைக் கடைத்தெருவுல கெடக்குத மிளகுச் சாக்கும் ஒரு காரணமாக்கும்" என்று ரேசரை என் பக்கம் நீட்டுவார். நான் தோசை சுட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. காலையிலேயே பஸ் பிடிக்க வேண்டியவளுக்கு மிளகும் போப்பும் எதற்கு? ஆனாலும் காது அதன்பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். கேட்பதுதானே என் தொழில்.

ஒரு பாடத்தை மட்டும் அவரால் ஒத்திகையில்கூட ஒழுங்காக முடிக்க முடியாது. சூரிச் என்று ஒரு ஊர். போப்பை எதிர்த்துச் சபையைச் சீர்திருத்திய ஊர். வேதத்தை நீங்களே வாசியுங்கள் என்று அங்கே ஜனங்களிடம் சொன்னார்கள். சொன்னதை நம்பிச் சிலர் வாசித்தார்கள். வாசித்தவர்கள், விவரம் தெரியாத குழந்தைக்கு ஞானஸ்நானம் எதற்கு, விசுவாசித்த பிறகல்லவா எடுக்க வேண்டும் என்று சொல்லி மறுபடி ஸ்நானம் எடுத்தார்கள். நகரசபைக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. தண்ணீர் கேட்டவனுக்குத் தண்ணீரே தண்டனை என்று முடிவு செய்தார்கள். முப்பது வயதைத் தொடாத ஒருத்தனைக் கையும் காலும் சேர்த்துக் கட்டி ஆற்றில் தள்ளினார்கள். அவனைப் பெற்றவள் கரையில் நின்று, பயப்படாதே மகனே, உறுதியாக இரு என்று கூப்பிட்டுச் சொன்னாளாம். இந்த இடத்தில் சாருக்குக் குரல் கம்மிவிடும். கன்னத்து நுரை காயும்வரை கண்ணாடி முன்னால் நிற்பார். வகுப்பிலும் பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வருவார்களாம். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எலிசாள் அவருடைய ஒரே தங்கை. சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப்போடுகிற வேலை பார்த்தாள். புருஷன் கல்ஃபுக்குப் போனவன் போனவன்தான், திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே பிள்ளை பிரஜின். ஒற்றைக்குப் படுக்கப் பயப்படுகிற பிள்ளை. தாயின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டால்தான் கண் மூடும். இரண்டாம் வகுப்பு படிக்கும்போது மூளைக்காய்ச்சல் வந்து போய்விட்டான். தாய்மாமன் கையால் முதல் சோறு தின்ற பிள்ளைக்கு அதே கை மண்ணும் போட்டது. எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில், சின்னக் குழிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற இடத்தை விடச் சொல்லி, அதன் தலைமாட்டில் எலிசாள் ஒரு அரளிச்செடி நட்டாள். "இது எனக்குள்ள எடம் மயினி. அவன் ஒத்தைக்குக் கெடக்க மாட்டான்" என்று அண்ணியான என்னிடம் சொன்னாள்.

எங்கள் சபை வெள்ளைக்காரப் பாதிரிமார் உண்டாக்கின சபை. உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும், எழும்பச் சொன்னால் எழும்ப வேண்டும், அழுகை வந்தால் வீட்டுக்குப் போய் அழ வேண்டும். எலிசாள் பல வருஷம் அழாமலே இருந்தாள். ஒருநாள், தன்னோடு வேலை பார்க்கிற பெண்ணோடு, அதே கடைத்தெருவில் இரும்புக்கடை மாடியில் நடக்கிற பெந்தெகொஸ்தே கூட்டத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே உட்கார்ந்து வாய்விட்டு அழுதிருக்கிறாள். ஏன் அழுகிறாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, போதும் என்றும் சொல்லவில்லை. அன்றோடு அவள் அந்த மாடிக்காரி ஆகிவிட்டாள். அந்தக் கூட்டத்தில் முழுசாகச் சேர வேண்டுமென்றால் ஆற்றில் முங்கி மறுபடி ஸ்நானம் எடுக்க வேண்டும். எங்கள் சபையிலோ மறுஸ்நானம் எடுத்தால் சபைப் பதிவிலிருந்து பேர் போகும். பேர் போனால் கல்லறைத் தோட்டத்தில் இடமும் போகும்.

அதனால் அண்ணனிடம் கேட்கத்தான் வந்தாள். அவர் அப்போது சபைக் கமிட்டியின் செக்ரட்டரி.

"அண்ணா, எனக்குக் கல்லாறுல ஸ்நானம் வச்சிருக்கு. பேரு வெட்டினா வெட்டட்டு. பிரஜினுக்கப் பக்கத்துல எனக்கு எடம் கிட்டுமா? அது மட்டும் பறயுங்க. கிட்டாதுன்னா நான் போவல்ல."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மனசாட்சியைப் பற்றி ஒரு அரைமணி நேரம் பேசினார். ராஜாவும் குருவும் நுழைய முடியாத அறை அது ஒன்றுதான் என்றார். எலிசாள் சேலைத்தலைப்பைத் திருகிக்கொண்டு கேட்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது ஆமா, இல்லை என்று ஒரு சொல்.

"சாரே, அவ கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றேன் நான்.

"நான் இருக்கும்போ உனக்கு எடமில்லாமப் போவுமா? நீ உன் மனசாட்சிப்படி நட மக்கா. மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அதை நம்பித்தான் அவள் போனாள். கல்லாறுக்கு நான் கூடப் போனேன். பொன்முடிக்கு ஏறுகிற பஸ் எங்களை ஆற்றோரக் கடைகளுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டது. கூட்டத்தார் பாறையில் நின்று கைதட்டிப் பாடினார்கள். மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர், காலை வைத்தாலே பல் கிட்டித்துவிடும். வெள்ளைச் சேலையோடு முங்கி எழுந்த எலிசாள் முகத்தைத் துடைக்காமல் முதலில் கரையைத்தான் பார்த்தாள்.

"அண்ணன் வரல்லியா மயினி?"

வரவில்லை. கமிட்டி செக்ரட்டரி அங்கே நின்றதாகப் பேச்சு வந்தால் நன்றாக இருக்காது என்று சொல்லிவிட்டார். பரீட்சைப் பேப்பர் திருத்துகிறார் என்று நான் அவளிடம் சொன்னேன். அவள் நம்பினாள், சிரிக்கவும் செய்தாள்.

சபையில் பேரை நீக்கினார்கள். அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் கடை முடிந்ததும் அரளிச்செடிக்குத் தண்ணீர் விட அவள் வருவாள். கோயில்பிள்ளை, கோயிலைத் திறந்து மூடி குழியும் தோண்டுகிறவர், கேட்டைத் திறந்துவிடுவார். யாரும் எதுவும் சொல்லவில்லை. எங்கள் ஆட்களின் குணம் அது. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னால் நன்றாக மூடிக்கொள்வார்கள், வாயைத் திறக்கச் சொன்னால்தான் வம்பு.

தொண்ணூற்றொன்பதில் மழை பிடித்த நேரத்தில் எலிசாளுக்கு இருதயம் படுத்தியது. மெடிக்கல் காலேஜில் கிடந்தாள். நான் கஞ்சி கொண்டுபோனபோது, "மயினி, அரளியை வெட்டாமத் தோண்டச் சொல்லணும்" என்றாள். போடி கிறுக்கி என்று வைதேன். இரண்டு நாள் கழித்து விடியும்போது போய்விட்டாள்.

உடலை எங்கள் வீட்டில்தான் வைத்தோம். கமிட்டித் தலைவர் லிங்கராஜ் அண்ணாச்சி முதல் ஆளாக வந்தார். மின்சார போர்டில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கோபக்காரர், ஆனால் பிரஜினைப் பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டரில் கொண்டுவிட்டவர். எலிசாள் காலருகே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சாரை முருங்கைமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் பின்வாசலில் நின்றேன். காது சும்மா இருக்குமா?

"சாரே, நீரு எங்கிட்ட ஒண்ணும் கேக்காதிரும். நானும் ஒண்ணும் பறய மாட்டேன். எனக்கு ரண்டு நாள் நாகர்கோவில்ல ஒரு கலியாணம் உண்டு. செரியா?"

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிச் சொல்வார்? எனக்கு அப்போதே அழுகை வந்துவிட்டது, நன்றியில் வந்த அழுகை. பெந்தெகொஸ்தே பாஸ்டரும் நல்ல மனிதர். வீட்டில் ஜெபம் முடித்துவிட்டு கேட்டுக்கு வெளியே நின்றுகொள்கிறோம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். இனி செக்ரட்டரி கோயில்பிள்ளையிடம் குழி தோண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எங்கள் சபையில் நடைமுறையே அதுதான். முதலில் குழி, பிறகுதான் கேள்வி. நானே ஓடிப்போய் கோயில்பிள்ளையைக் கேட்டும் பார்த்தேன். "சாருக்க வாயால வரணும் அக்கா. வந்தா இந்தா எறங்கிருவேன்" என்று மண்வெட்டியைக் காட்டினார்.

வந்து சாரிடம் சொன்னேன். அவர் முகம் ஒரு தினுசாக இருந்தது. வகுப்புக்குக் கிளம்பும்போது இருக்கிற முகம்.

"ஒளிச்சுக் கொண்டுபோய் வைக்க அவ என்ன கள்ளக்கடத்தலா ரத்னா? அவ மனசாட்சிக்கு நடந்தவ. மரியாதையாட்டு, எல்லாரும் அறிஞ்சு, தீர்மானம் போட்டு அடக்கணும். இன்னைக்கு அவளுக்கு, நாளைக்கு இன்னொருத்திக்கு. வழி ஒண்ணு தொறக்கணும்."

"வழியப் பொறவு தொறக்கலாம். இப்பக் குழியத் தொறங்க. ஒரு வார்த்தை போதும்."

"உனக்கு இது புரியாது."

எனக்குப் புரியாதுதான். சாயந்திரம் கோயிலை ஒட்டின அறையில் கமிட்டியைக் கூட்டினார். லிங்கராஜ் அண்ணாச்சியை நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூப்பிட்டுவந்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே படியில் உட்கார்ந்தேன்.

முதலில் நன்றாகத்தான் ஆரம்பித்தார். எலிசாளைப் பற்றிச் சொன்னார், பிள்ளையைப் பற்றிச் சொன்னார். உள்ளே யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அங்கேயே நிறுத்தியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று நான் படியில் இருந்துகொண்டு வாய்க்குள்ளேயே சொல்கிறேன். அவர் சூரிச்சுக்குப் போய்விட்டார்.

எத்தனை வருஷ ஒத்திகை! கர்த்தர் சாட்சியாகச் சொல்கிறேன், அவ்வளவு நன்றாக அவர் அதை என்றுமே சொன்னதில்லை. ஆறு, கயிறு, கரையில் நின்ற தாய். குரல் கம்மவே இல்லை. பிறகு கேட்டார்: "அவனத் தண்ணியில தள்ளினது யாரு? போப்பா? இல்ல. நேத்து வரைக்கும் போப்புக்குப் பயந்து கெடந்தவங்க. மனசாட்சி மனசாட்சின்னு கூப்பாடு போட்டவங்க. நம்ம முப்பாட்டன்மாரைச் சாதி சொல்லிக் கோயில் ரோட்டுல நடக்க விட்டாங்களா? வெளிய நின்ன நாமதான் இன்னைக்கு உள்ள இருந்துட்டு கேட்டப் பூட்டுதோம். அந்த சூரிச் சபைக்கும் இந்த மேசையச் சுத்தி இருக்கப்பட்ட நமக்கும் என்ன வித்தியாசம்?"

அப்புறம் லிங்கராஜ் அண்ணாச்சி பேசினார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

"அப்ப நாங்க ஆளக் கட்டித் தண்ணியில முக்குத கூட்டம். அல்லே சாரே?"

"நான் அப்படிச் சொல்லல்ல. வரலாறு சொல்லுது."

"நீரு எடம் கேட்டிருந்தா தந்திருப்போம். கேக்காம இருந்தாலும் தந்திருப்போம். நீரு எங்களக் கூட்டி இருத்தித் தீர்ப்புல்லா கேட்டீரு? தீர்ப்புன்னா சட்டத்த எடுக்கணும். போதகரே, சட்டம் என்ன பறயுது?"

போதகர் சட்டத்தைச் சொன்னார். அவருக்கு வேறு வழியில்லை. பேர் நீக்கப்பட்டவருக்கு இடமில்லை என்பதுதான் சட்டம். கை தூக்கச் சொன்னார்கள். மூக்கை உறிஞ்சின ஆளும் எலிசாளுக்கு எதிராகத்தான் கை தூக்கியிருக்கிறார். சூரிச் கதை அவரை அவ்வளவு சுட்டிருக்கிறது.

சார் வெளியே வந்து என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். செருப்பை மாற்றிப் போட்டிருந்தார். எனக்கு அவரை அந்த இடத்திலேயே கிழித்துப்போட வேண்டும் போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் குனிந்து அந்தச் செருப்பைச் சரியாக மாற்றிப் போட்டேன். ஆபரேட்டர் வேலையில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். லைன் கிடைத்துவிட்டால் கையை எடுத்துவிட வேண்டும். மேலே மேலே குத்தினால் அறுந்துபோகும்.

மறுநாள் எலிசாளை விதுரை தாண்டி, கல்லாறுக்குப் போகிற வழியில், பெந்தெகொஸ்தேக்காரர்கள் வாங்கிப்போட்டிருந்த ரப்பர்த் தோட்டத்து மூலைக்குக் கொண்டுபோனோம். நல்ல மழை. அவர்கள் நிறைந்த மனதோடு பாடினார்கள், குறையொன்றும் சொல்ல முடியாது. ஆனால் அங்கே அவளுக்கு யாரைத் தெரியும்? பிள்ளை ஒரு மூலையில், தாய் ஒரு மூலையில், நடுவில் அத்தனை வளைவும் மேடும். சார் குடையைக் குழிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் ஊறின குழிக்குக் குடை எதற்கு என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

செக்ரட்டரி வேலையை விட்டார். பாடம் நடத்துவதை விடவில்லை, விட முடியாது, பிழைப்பு. ஆனால் முகச்சவர ஒத்திகையில் அச்சு யந்திரத்திலிருந்து நேரே கடல் வியாபாரத்துக்குத் தாவிவிடுவார். சூரிச் வராது. ஒருநாள் பழைய மாணவி அஜிதா, இப்போது அவளும் டீச்சர், வீட்டுக்கு வந்தவள், "சாரோட அந்த ஆற்றங்கரைக் கிளாஸ்தான் என்னை ஹிஸ்டரி எடுக்க வைத்தது" என்று மலையாளத்தில் சொன்னாள். சார் எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் அழுதால் சத்தம் வராது, ஆனால் எனக்குக் கேட்கும்.

இரக்கப்பட்டேனா என்றால் பட்டேன். மன்னித்தேனா என்றால் தெரியாது. அரளி பூக்கிற காலத்தில் எனக்கு அவர்மேல் எரிச்சல் எரிச்சலாக வரும். காரணமில்லாமல் குழம்பில் உப்பைக் கூட்டிவிடுவேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிடுவார்.

அவர் ஓய்வுபெற்ற வருஷம், கிறிஸ்துமஸுக்கு முன்னால், லிங்கராஜ் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். கையில் கேக். வயதாகிவிட்டது, கோபம் தணிந்துவிட்டது. காப்பி குடித்துவிட்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"சாரே, பிரஜினுக்கப் பக்கத்து எடம் அப்படியே கெடக்கு. வேற ஆளு கேட்டு வந்தப்பவும் நான் விடல்ல. கமிட்டியில பேசி உங்க குடும்பத்துக்குன்னு ஒதுக்கியாச்சு. ஒரே குழியில உமக்கும் ரத்னாவுக்கும் ஆவும். என்னால ஆனது இதுதான்."

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. தாய்க்குக் கொடுக்காத இடத்தை எனக்குக் கொடுக்கிறார்களாம்! அதில் என்னைக் கொண்டுபோய் வைத்தால் எழுந்து நடந்து வந்துவிடுவேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சாரும் அதைத்தான் சொல்வார், கூடவே ஒரு பிரசங்கமும் வைப்பார் என்று நினைத்தேன்.

"செரி அண்ணாச்சி" என்றார் சார்.

அவ்வளவுதான். அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். கேட்டைச் சாத்திவிட்டு வந்து நான் ஆடித் தீர்த்தேன். "வெக்கமில்லியா? அவ நட்ட அரளிக்கடியில போய் நீங்க காலை நீட்டுவீங்களா? அந்த எடம் அவளுக்குள்ளதுல்லா?" என்றேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அவர் கேக் டப்பாவின் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"அவளுக்குள்ளதுதான்" என்றார். "ஆனா அந்தப் பிள்ளை ஒத்தைக்குக் கெடக்க மாட்டானே ரத்னா. அவன்கிட்ட ஆராவது படுக்க வேண்டாமா? நான் மாமன்லா?"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வைவதற்குச் சேர்த்து வைத்ததெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வெளியே பிள்ளைகள் நட்சத்திர விளக்குக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப அவ?" என்றேன். "அவ மட்டும் அந்த ரப்பர்க் காட்டுல ஒத்தைக்குக் கெடக்கணுமா?"

அதற்குப் பதில் எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, அன்று மழையில் நின்றபோதே தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். எனக்கும் அங்கே ஒரு இடம் கிடைக்குமா என்று அந்தப் பாஸ்டரிடம் நான் அப்போதே கேட்டும் இருக்கிறேன். எங்களோடு முங்காதவர்களை இங்கே அடக்க மாட்டோம் அம்மா என்று பணிவாகச் சொன்னார். தண்ணீரில் தள்ளப்பட்டவர்களின் வழியில் வந்தவர்களுக்கும் ஒரு கேட் இருக்கிறது, அதற்கும் ஒரு பூட்டு இருக்கிறது.

"நான் அவகூடப் போய் இருக்கேன்" என்றேன். "நீங்க பிள்ளைய பாத்துக்கிடுங்க."

கல்யாணமான நாளிலிருந்து ஒரு கட்டிலில் படுத்தவர்கள் நாங்கள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்படிச் சேர வேண்டுமென்றால் நான் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். சூரிச்சை எடுப்பார், மனசாட்சியை எடுப்பார், ராஜா நுழைய முடியாத அறையை எடுப்பார் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு அதையெல்லாம் கேட்க எனக்கு ஆசையாகக்கூட இருந்தது.

"கல்லாறுத் தண்ணி ரொம்பக் குளுரும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் வந்து கரையில நிக்கேன்" என்றார்.